ஒரு பைசா அக்காவும் நாற்பது வருஷத்து ஓடையும்

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற எந்த அதிகாரியையும் ஒரே கேள்வியில் நேராக்கி அனுப்பக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஒரு பைசா அக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மலைமேல் இருந்த எங்கள் பொறியியல் அலுவலகத்தில் அவர் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்த மலையிலேயே அரியூர் நாட்டுக்காரர்; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. விடிந்ததும் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துவிட்டு, அதே கையோடு வந்து எங்கள் எஸ்டிமேட்டுகளை டைப் செய்வார். நான் கடலூர்ப் பக்கமிருந்து வந்த இளநிலைப் பொறியாளர். அவரைவிட வயது குறைவு, திமிர் அதிகம்.

வாழவந்தி நாட்டில் ஓர் ஓடையை ரோடு தாண்டுகிற இடத்தில் பாலம் போட வேண்டும். மூன்று சிமெண்ட் குழாய் பதித்து மேலே மண் கொட்டி மூடலாம், செலவு பாதி. இல்லையென்றால் அகலமான பெட்டிப் பாலம் கட்டலாம். இப்போதெல்லாம் மலையில் மழை தூறிக்கொண்டிருப்பதில்லை. ஒரு மாதத்து மழை ஒரே மத்தியானத்தில் கொட்டுகிறது, வருஷத்துக்கு வருஷம் மோசம். குழாய் அடைத்தால் ரோடு போகும். அக்கரை ஊரில் பிரசவ வலி வந்தவள் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

நான் கணக்குப் போட்டேன். குழாய் ஜெயித்தது. எதிர்காலத்தில் கிடைக்கிற நன்மையை வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் கழித்து இன்றைய மதிப்பாக்குவது எங்கள் வழக்கம். டைப் செய்துகொண்டிருந்த அக்கா நிறுத்தினார்.

"ஏனுங்க சார், நாப்பதாவது வருசம் மிச்சமாவுற ஒரு ரூவாய்க்கு இங்க ஒரு பைசான்னு வருதுங்க."

"ஆமாக்கா. இன்னைக்கு அதோட மதிப்பு அவ்வளவுதான்."

"அப்ப அன்னைக்கு ஓடையத் தாண்டுற ஆளும் ஒரு பைசாதானுங்களா?"

"அது ஆளுக்கு இல்லக்கா, பணத்துக்கு."

"பாலம் ஆளுக்குத்தானுங்களே."

எனக்குக் கோபம் வந்தது. "டைப் பண்ணுங்க" என்றேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டினார். ஒரு வருஷம் எண்பத்தொன்பது பைசா, பத்து வருஷம் முப்பத்திரண்டு பைசா, நாற்பது வருஷம் ஒரு பைசா. எங்கள் அதிகாரி தினமும் டீ நேரத்தில் மகன் டாக்டராகப் போவதைப் பற்றிப் பேசுவார்.

"இன்னும் எத்தன வருசங்க சார்?" என்றார் அக்கா.

"எல்லாம் முடிய பத்து வருஷம் ஆகும்மா."

சீட்டைப் பார்த்தார். "முப்பத்திரண்டு பைசா டாக்டருங்க."

அதிகாரி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். என் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனபோது, பியூன் உட்பட மொத்த அலுவலகமும் என்னை 'எம்பத்தொம்பது பைசா மாப்பிள்ள' என்று கூப்பிட்டது. பதிலுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் ஒரு பைசா அக்கா. அவருக்கு அதில் பெருமை.

அடுத்த கேள்வி, ஏன் பன்னிரண்டு? போன ஃபைலில் இருந்தது என்றேன். அந்த ஃபைலில் எப்படி வந்தது? அதற்கு முந்தின ஃபைலில் இருந்தது. அக்கா இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரேக்கைக் குடைந்தார். ஒருநாள் தலையெல்லாம் தூசியோடு, கரையான் தின்ற ஒரு ஃபைலை என் மேஜையில் போட்டார். கறவை மாட்டுக் கொட்டகை எஸ்டிமேட். மாட்டுக் கடன் வட்டியை எவனோ அதில் எழுதியிருக்கிறான். அங்கிருந்து பள்ளிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, இப்போது ஓடை.

"மாட்டுக்கு அந்த ரேட்டு சரிங்க சார். ஓடையுமா பால் கறக்குது?"

சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. நான்கு வருஷம் பொறியியல் படித்த ஒருத்தனும் கேட்காத கேள்வி. அதிகாரியிடம் கொண்டுபோனோம்.

"ரேட்ட மாத்தினா மேல கேள்வி கேப்பாங்கம்மா. பழைய ஃபைல் மாதிரியே போகட்டும்" என்றார்.

குழாய்ப் பாலம் வரப்போகிறது என்று கிராம சபையில் சொல்ல அவரே வந்தார். அக்காவின் ஒப்பந்தத்தை அந்த மாதக் கடைசியில் அவர்தான் புதுப்பிக்க வேண்டும். அது ஊருக்கே தெரியும். அக்கா எழுந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சேலையைப் பிடித்து இழுத்தார். "சும்மா உக்காரு கண்ணு, வேல போயிரும்."

அக்கா உட்காரவில்லை. ஒரு தாளை எடுத்துப் படித்தார். "நாப்பது வருசம் கழிச்சு இந்த ஓடையத் தாண்டுறவங்க மதிப்பு, இன்னைக்குத் தாண்டுறவங்கள்ல நூத்துல ஒரு பங்கு. இதுக்கு நான் சம்மதிக்கிறேன். கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போட முடியும்?"

"ஃபைல்ல போட்டிருக்கீங்களே சார். அதையேதான் தமிழ்ல எழுதியிருக்கறேனுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு விவசாயி பணிவாகக் கேட்டார். "எம்பட பையனுக்கு இப்ப அஞ்சு வயசுங்க. பாத்து ரெண்டு பைசாவா சேத்திப் போடுங்க சாமி."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியின் பேனா மூடி திறக்கவில்லை. அப்போதுதான் நான் எழுந்து, "அது மாட்டுக் கொட்டகை ரேட்டு, தப்பு" என்றேன். முதல் நாளே எழுந்திருக்க வேண்டியவன்.

ரேட்டைக் குறைத்துக் கணக்கை மறுபடி போட்டோம். மூன்று முறை திரும்பி வந்து, நான்காம் முறை பெட்டிப் பாலம் பாஸானது. அக்காவின் ஒப்பந்தம் பாஸாகவில்லை. காரணம்கூட எழுதவில்லை. நான் மேலே எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அவரோ, "காட்டுல களை நெறயக் கெடக்குதுங்க சார்" என்று சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார்.

நானும் கீழே மாற்றலாகி வந்துவிட்டேன். போன மழைக்கு மலையில் பேய்த்தனமாகக் கொட்டியதாம். அந்தப் பாலத்தைப் பற்றி எந்தப் பேப்பரிலும் ஒரு வரி இல்லை. உடையாத பாலத்தை எவன் எழுதுவான்? அக்காதான் போன் செய்தார்.

"ஓடை கீழ போச்சு, பஸ்ஸு மேல போச்சுங்க சார். சொல்லோணும்னு தோணுச்சு. ஒருக்கா வந்து பாருங்க."

"வேலை இருக்குக்கா. அடுத்த வருஷம் கட்டாயம் வரேன்."

"அப்ப எம்பத்தொம்பது பைசாதான் வருவீங்க."

மறுநாள் காலை காரவள்ளியில் பஸ் ஏறினேன், முழு ஒரு ரூபாயாக.