மஞ்சள் துணிக்குப் பின்னால்

நடுவர் விரோதி என்று ஒரு மனித இனம் இருக்கிறது. அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் அதன் குரல் கேட்கும்: "யோவ், உனக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதையும் வித்துட்டியா?"

கேள்வி வீட்டிலிருக்கும் யாருக்கும் அல்ல. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் மைதானம் எங்கோ ஒன்றில், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு நிற்கும் ஒரு மனிதருக்கு. ஆட்டக்காரன் யாராவது தப்புச் செய்தால், அவர் இடுப்பில் செருகியிருக்கும் மஞ்சள் துணியை உருவித் தரையில் எறிவார்; பத்து கெஜம் பின்னால் போ என்பார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் அந்தத் துணி விழும்போது எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது என்று டாக்டர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த இனத்துக்குரிய லட்சணங்கள் அத்தனையும் ஒருங்கே அமைந்தவர் ஆர்லன் ஸ்வோபோடா. வாரத்தில் ஆறு நாள் தங்கமான மனிதர். நிலம் அளப்பது தொழில். வேலித் தகராறில் இரண்டு பண்ணைக்காரர்கள் மண்வெட்டியும் கையுமாக நின்றாலும், ஆர்லன் முக்காலியை ஊன்றி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, "கோடு இதுதான்" என்று சொல்லிவிட்டால் இருவரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுபேச்சு கிடையாது.

ஏழாம் நாள்தான் வினை.

அன்று அவர் எங்கள் ஊர் அணியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கிண்ணம் பொரித்த பாலாடைக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடுவரின் முகத்தைக் கூர்ந்து பார்த்து, இந்த ஆள் போன தடவை எதிரணிப் பயிற்சியாளரோடு சிரித்துப் பேசியதையும், தோளைத் தட்டிக் கொடுத்ததையும், நாணயம் சுண்டும்போது கட்டைவிரலை ஒரு மாதிரியாக மடக்கியதையும் நினைவுகூர்ந்து, "முடிஞ்சுது. எல்லாம் பேசி வெச்சாச்சு" என்று அறிவித்துவிட்டுத்தான் முதல் வாய் தின்பார். யார் பேசி வைத்தது? நியூயார்க்கில் இருக்கிறார்கள். யார்? "அவங்கதான்." எதற்காக? "நம்மள மாதிரி சின்ன ஊரு ஜெயிச்சா அவங்களுக்கு என்ன லாபம்?"

நம் அணிமேல் துணி விழுந்தால் அது சதி. எதிரணிமேல் விழுந்தால்? சதியை மறைக்கச் செய்த நாடகம். துணியே விழவில்லை என்றால், விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. நாம் தோற்றால் நிரூபணமாகிவிட்டது. ஜெயித்தால், "இத்தனை சதிக்கும் நடுவுல ஜெயிச்சோம் பாரு!" இப்படிப்பட்ட கோட்டையை யாரால் பிடிக்க முடியும்?

அவர் மனைவி டார்லீன் பிடிக்க முயன்றதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து அறையில் துணி மடிப்பாள். குரல் மிகவும் உயரும்போது மட்டும், "அந்தாளு காதுல விழுந்துடுச்சாம் ஆர்லன், பதில் எழுதறேன்னு சொன்னாரு" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், நவம்பர் கடைசியில் குடும்பமெல்லாம் கூடி விருந்துண்ணும் அந்த நன்றி நாள் வந்தது.

வருடா வருடம் நன்றி நாளன்று காலையில், வான்கோழி அடுப்பில் வேகும் நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் ஸ்வோபோடாக்களும் டார்லீனின் பிறந்த வீட்டு லிண்ட்னர்களும் ஃபுட்பாலில் மோதுவார்கள். பரிசு, வெள்ளி வர்ணம் அடித்த ஒரு தகர வாளி. டார்லீன் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அந்த வாளி ஸ்வோபோடாக்களைவிட்டு நகர்ந்ததே இல்லை. வழக்கமாக விசில் ஊதுபவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பாதிரியார். அந்த வருஷம் அவர் குளிருக்குப் பயந்து ஃபிளாரிடாவுக்குப் போய்விட்டார்.

"நடுவர் இல்லாம எப்படி?" என்று எல்லோரும் முழித்தபோது, டார்லீனின் தம்பி வெண்டல் தொண்டையைக் கனைத்தான். குறும்புக்காரன், ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். வாய்க்குக் கேட்பானேன்?

"ஏன் அத்தான், இத்தனை வருஷமா உலகத்துல இருக்கிற நடுவருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. நீங்களே ஊதுங்களேன்!"

"நான் ஸ்வோபோடா. நீங்க ஒத்துக்குவீங்களா?"

"நீங்க கோடு பார்க்கற ஆளு. உங்களை நம்பாம யாரை நம்பறது?"

ஆர்லனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உறைபனி படர்ந்த புல்லில் மைதா மாவால் தானே எல்லை போட்டார். நூல் பிடித்தது போன்ற கோடு. சமையலறையிலிருந்து ஒரு மஞ்சள் துடைப்புத் துணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நேர்மை என்றால் என்ன என்று நியூயார்க்காரர்கள் வந்து பார்க்கட்டும்!

முதல் பாதி அமைதியாகப் போயிற்று. பிறகு லிண்ட்னர் பக்கத்தில் ஒருவன் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். ஆள் குறைந்தது. ஓரத்தில் எல்லோருக்கும் சூடாக ஆப்பிள் சாறு ஊற்றிக்கொண்டிருந்த டார்லீனை, "அக்கா, நீ சும்மா வந்து நில்லு, போதும்" என்று வெண்டல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பிறந்ததிலிருந்து அவள் ஒரு பந்தையும் பிடித்ததில்லை. எறிந்த சாவிக்கொத்தைக்கூடப் பிடித்ததில்லை.

கடைசி வீச்சு. ஸ்வோபோடாக்கள் ஐந்து புள்ளி முன்னால்; கடைக்கோடியில் எல்லைக்குள் நின்று பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி. வெண்டல் பந்தைப் பிடித்தான். நான்கு பேர் அவனைத் துரத்தினார்கள். போக்கிடம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு விட்டெறிந்தான். பந்து முட்டை போல் உருண்டு சுழன்று மைதானத்தின் கடைக்கோடி மூலைக்குப் போனது. அங்கே டார்லீன் சும்மா நின்றுகொண்டிருந்தாள். பந்தைக் கண்டதும், "ஐயையோ!" என்று அலறி, இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு துள்ளுத் துள்ளி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தாள்.

பிடித்துவிட்டாள்! ஆனால் விழுவதற்கு முன் கால் ஊன்றியது கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் வாளி லிண்ட்னர்களுக்கு.

இரண்டு குடும்பமும் ஆர்லனைப் பார்த்தது.

ஆர்லன் எதையும் பார்க்கவில்லை. ஓடி வந்த மூச்சின் ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்து, உலகமே பால் ஊற்றினாற்போல் வெளுத்திருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லலாமா? கோடு பார்க்கிறவர் எப்படிச் சொல்வார்? உள்ளே என்று சொன்னால்? பெண்டாட்டிக்கு ஓரவஞ்சனை செய்தான் என்பார்கள். அப்படி ஒரு பேச்சு தன் நேர்மைமேல் விழலாமா? அவர் கை அவரைக் கேட்காமலே உயர்ந்தது.

"வெளியே!"

டார்லீன் மெல்ல எழுந்தாள். முழங்காலில் மாவு, தலைமுடியில் புல், மார்பில் பந்து.

"ஆர்லன். என் காலை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எந்தக் காலு?"

"இடது."

"நான் ஊனினது வலது காலைய்யா!"

அதற்குள் வெண்டலின் மகள் கிரெட்டா கைப்பேசியோடு ஓடி வந்தாள். படத்தில் டார்லீனின் வலது கால் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே, அழகாக, போஸ்டர் ஒட்டியது போல் பதிந்திருந்தது. ஆர்லன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, நடுவர்கள் மறுஒளிபரப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லும், வாழ்நாள் முழுவதும் தான் காறித் துப்பிய அந்த வாக்கியம் தன் வாயிலிருந்தே வருவதைக் கேட்டார்.

"கோணம் சரியில்ல. தீர்ப்பை மாத்தறதுக்கு இது போதாது."

"யாருகிட்ட வாங்கினீங்க அத்தான்? நியூயார்க்கா?" என்று வெண்டல் கூவினான்.

வாளி ஸ்வோபோடாக்களிடமே தங்கியது. ஆனால் ஜெயித்தவர்கள்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் பூசணிக்காய் இனிப்புப் பலகாரத்துக்குக் கை நீட்டினார். எங்கிருந்தோ ஒரு மஞ்சள் கைத்துடைப்பான் தட்டில் வந்து விழுந்தது. "முறை வர்றதுக்கு முன்னாடி கை நீட்டிட்டாரு! அஞ்சு கெஜம் பின்னாடி!" என்று வெண்டல் தீர்ப்புச் சொன்னான். ஆர்லன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். குழம்பு ஊற்றிக்கொண்டார், இன்னொரு துணி. தும்மினார், இரண்டு துணி. கடைசியில் அவர் சமையலறை வாசலில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மேசையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், டார்லீனைத் தவிர. அவள் பந்தை மடியைவிட்டு இறக்காமல், பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் ஆர்லனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் தொலைக்காட்சி முன் குவிந்தார்கள். நம் அணியின் ஆட்டம். கடைசி நிமிடங்களில் நம் ஆள் பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டான், வீடே எழுந்தது, மஞ்சள் துணி விழுந்தது, தாண்டியது செல்லாது. அத்தனை தலையும் ஆர்லன் பக்கம் திரும்பின. இன்றைக்காவது மனுஷன் புரிந்துகொண்டிருப்பார், அல்லவா? நடுவர் என்பவனும் கண்ணாடி போட்ட ஒரு பாவப்பட்ட ஜீவன்தான் என்று?

ஆர்லன் கத்தவில்லை. திரைக்கு அருகே போய் அந்த நடுவரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்தாளு ஒண்ணுமே பார்க்கல" என்றார் மெதுவாக.

"எப்படிச் சொல்றே?" என்றாள் டார்லீன். மைதானத்திலிருந்து வந்தபின் அவள் பேசிய முதல் பேச்சு.

"மூஞ்சியைப் பாரு. இதே மூஞ்சியோடதான் காலையில நான் நின்னேன். பார்க்கவே இல்ல. வேண்டியவங்களுக்குக் குடுத்தா ஊரு பேசும்னு பயந்து மாத்திக் குடுக்கறான்." திடீரென்று அவர் கண் விரிந்தது. முகம் பிரகாசித்தது. "அடடா! இந்தாளு பெண்டாட்டி நம்ம ஊர்க்காரி!"

வெண்டல் சோபாவிலிருந்து சரிந்து விழுந்தான். ஆனால் டார்லீன் எழுந்து நின்றாள்.

"அப்போ நான் உள்ளதான் இருந்தேன்?"

ஆர்லன் திரையைவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உள்ளதான். ஒரு சாண் உள்ள."

அப்புறம் அந்த வீட்டில் நடந்த கூத்தை என்ன சொல்ல! டார்லீன் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தாள். அது எம்பி விளக்கில் பட்டது. லிண்ட்னர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றினார்கள். வாளியைக் கிரீடம் போல் அவள் தலையில் கவிழ்த்தார்கள். வாளிக்குள்ளிருந்து அவள் சிரிப்பு மணிபோல் முழங்கியது. ஆர்லனும் பின்னாலேயே கைதட்டிக்கொண்டு ஓடினார். தொலைக்காட்சியில் ஆட்டம் எப்படி முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். தோற்றுவிட்டார்கள். நடுவரின் மனைவி எந்த ஊர் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். டார்லீனின் கால் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறானே, இதை எழுதுகிறவன் ஒருவேளை லிண்ட்னர் வீட்டு இன்னொரு மாப்பிள்ளையாக இருப்பானோ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதென்றால் வாருங்கள். ஆர்லனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.