நூற்றுப் பதினெட்டுப் பேர் பார்த்த கடை

நாற்பத்தாறு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

வாஷிங் மெஷின் மெக்கானிக் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிக்னல் இருந்தது. சார்ஜ் இருந்தது. ஒருவேளை மணி அடிக்கவில்லையோ என்று மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டும் பார்த்தாயிற்று. அது ஊரையே கூட்டும்படி அடித்தது.

"ஒரே வாரத்துல நாப்பத்தாறு சார்! புதுக் கடைக்கு இது பெரிய விஷயம்" என்று காலையில்தான் டைரக்டரிப் பெண் போனில் பூரித்திருந்தாள். ஊரிலுள்ள கடைகளையெல்லாம் தொழில்வாரியாகப் பட்டியல் போடும் ஓர் இணையதளத்தில் அவளுக்கு வேலை. இவர் கடையை அதில் இலவசமாகச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

"பார்த்தவங்க ஏம்மா கூப்பிடலை?"

"இலவசப் பதிவுன்னா பட்டியல்ல கீழதான் சார் இருக்கும். வெள்ளிப் பதிவு எடுத்தா மேல வருவீங்க. தங்கம்னா முதல் இடம். எடுத்துடலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிப்பது அவருக்கு அவ்வளவாக வராது. கவலைப்படுவது நன்றாக வரும். கண்ணை மூடினால் நாற்பத்தாறு வீடுகள் தெரிந்தன. வீட்டுக்கு வீடு ஒரு மெஷின் பாதியில் நின்றுபோய், துணி உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. போனும் கையுமாக நின்ற நாற்பத்தாறு பேரும் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு மூடினார்கள்.

பயப்படக் காரணம் இருந்தது. பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் பார்த்த வேலையை ஐந்து மாதத்துக்கு முன்தான் உதறிவிட்டு வந்திருந்தார். சும்மாவும் வரவில்லை. "இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று மானேஜரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார். கடை நிற்கவில்லை என்றால் அதே மூஞ்சியில் போய் முழிக்க வேண்டும்.

மனைவி போனை வாங்கி அந்த இணையப் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இது உங்க லைசென்ஸ் போட்டோ இல்ல?"

"ஆமா. ஏன்?"

"இந்த மூஞ்சியை யாருங்க வீட்டுக்குள்ள விடுவாங்க? ஜாமீன்ல வந்த ஆள் மாதிரி இருக்கு."

உடனே ஒரு மெஷின்மேல் கையை ஊன்றி நின்று, பல் தெரியச் சிரித்து, புதுப் போட்டோ எடுத்துப் போட்டார். இரண்டே நாளில் டைரக்டரிப் பெண் கூப்பிட்டாள். "எழுபத்தொண்ணு சார்!"

போன் மட்டும் அடிக்கவில்லை. இப்போது எழுபத்தொரு வீடுகளில் துணி ஊறியது.

அப்போதுதான் அவருக்குப் பஸ் ஸ்டாண்டுக்காரனின் நினைப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இதே தொழில் செய்யும் இன்னொருவர் இருந்தார். முகத்தைப் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. தனக்கு வராத போனெல்லாம் அங்கேதான் போகிறது என்பதில் மட்டும் மெக்கானிக்குக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. அந்த ஆளுடைய பக்கத்தைத் திறந்தார். 'கூப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வருவோம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"பாத்தியா, இங்கதான் நம்மளைக் கவுக்கறான்" என்று மனைவியிடம் காட்டிவிட்டு, தன் பக்கத்தில் 'அரை மணி நேரத்தில்' என்று போட்டார்.

மதியம் போய்ப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டுக்காரன் இருபத்தைந்து நிமிடத்துக்கு இறங்கியிருந்தான். இவர் இருபது என்றார். சாயங்காலத்துக்குள் அங்கே பதினைந்து ஆகிவிட்டது.

"பத்து போட்டுடட்டுமா?"

"தீயணைப்பு வண்டியே பத்து நிமிஷத்துல வராதுங்க" என்றாள் மனைவி. "உங்க ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது."

பத்துதான் போட்டார். போட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே ஒன்பது ஆகிவிட்டதா என்று பார்ப்பார். ஆகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை என்று கவலைப்பட்டு மறுபடியும் பார்ப்பார். சாப்பிடும்போது இடது கையில் போன் இருந்தது. குளிக்கப் போகும்போதுதான் கீழே வைத்தார். அதுவும் போன் நனைந்துவிடுமே என்றுதான்.

மறுநாள் வெள்ளிப் பதிவு எடுத்தார். கையோடு இரண்டு போன் வந்தது. முதல் மணிக்கே எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"சார், நாங்க வேறொரு டைரக்டரியிலிருந்து பேசறோம்."

இரண்டாவது ஆள் இன்னும் விவரமானவன். "நீங்க வெள்ளிப் பதிவு எடுத்திருக்கறதைப் பார்த்தோம் சார். எங்ககிட்ட வைரம் இருக்கு."

இரண்டு பேரையும் வைது தீர்த்துவிட்டு உட்கார்ந்தார். தான் வெள்ளி எடுத்தது ஊரில் எல்லாருக்கும் தெரிகிறது, மெஷின் கெட்டுப்போனவனுக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அந்த வாரக் கடைசியில், மதியம் மூன்று மணிக்கு டைரக்டரிப் பெண் மூச்சுவிடாமல் பேசினாள். "நேத்து ஒரே நாள்ல நூத்திப் பதினெட்டு சார்! இப்ப விட்டுடாதீங்க. உங்க ஏரியாவுக்குத் தங்கப் பதிவு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு கடைக்காரரும் கேட்டிருக்கார்."

"யாரு? பஸ் ஸ்டாண்டுக்காரனா?"

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது சார். ஆனா அவர் பக்கத்துக்கும் கூட்டம் எக்கச்சக்கமா ஏறுது. அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன்."

தங்கப் பதிவு வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். மூன்று மாதக் கடை வாடகைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த தொகை மொத்தமும் அதற்குச் சரியாக இருந்தது. கட்டி ஆள் வந்தால் கடை பிழைக்கும். கட்டியும் வராவிட்டால் மானேஜரின் மூஞ்சிதான். கட்டாமல் விட்டால் பஸ் ஸ்டாண்டுக்காரன் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான், அப்போதும் மானேஜரின் மூஞ்சிதான். வேலையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"வாடகைக் காசுல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள் அவள். "இதுவரைக்கும் நெட்ல உங்க பக்கத்தைப் பார்த்துட்டு ஒரு ஆளாவது கடைக்கு வந்திருக்காங்களா?"

"இன்னும் இல்ல."

"ஒருத்தர் வரட்டும். ஒரே ஒருத்தர். அப்புறம் தாராளமாக் கட்டுங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

நியாயமான பேச்சு. அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை. நான்கு மணிக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். நாலரைக்கு ஒருவர் படியேறினார். பக்கத்துக் கடைக்குச் சில்லறை கேட்க வந்தவர். நாலே முக்காலுக்கு மெக்கானிக்கின் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஒரு பெண்மணி போனைப் பார்ப்பதும் கடைப் பலகையைப் பார்ப்பதுமாக வாசலில் வந்து நின்றார்.

"வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை இதுதானுங்களா?"

"இதேதான்! வாங்க, வாங்க, உட்காருங்க!" நாற்காலியைத் துடைத்த வேகத்தில் துணி கைதவறிப் போய் விழுந்தது. "ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கம்மா. எங்க கடை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நெட்லதான். உங்க பக்கத்துல அட்ரஸ் இருந்துச்சு, அதைப் பார்த்துத்தான் வந்தேன்."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரே நிமிஷம்" என்று போனை எடுத்தார். பணம் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வந்ததும், ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ரசீதுப் புத்தகத்தைப் பிரித்துப் புதுத் தாளில் தேதி போட்டார்.

"இப்ப சொல்லுங்கம்மா. மெஷினுக்கு என்ன? தண்ணி இறங்கலையா? டிரம் சுத்தலையா?"

"மெஷின் நல்லாத்தாங்க இருக்கு. எங்க வீட்டுக்காரர்தான் சரியில்ல."

பேனா அப்படியே நின்றது.

"ரெண்டு வாரமா ஒழுங்காச் சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல" என்றார் அந்தப் பெண்மணி. "இப்பக்கூட யாருக்கோ பணம் கட்டணும்னு கடியாரத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? அவர் என்ன வேலை பார்க்கறார்?"

"உங்க வேலைதாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கடை வச்சிருக்கார்."

அந்தப் பெண்மணி இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், நீங்க எங்க பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கறதை நிறுத்திடுங்க, அவர் உங்க பக்கத்தை ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல பார்க்கறதை நான் நிறுத்திடறேன்."