இரண்டடித் தண்ணீர்

"சார், நீங்க கேட்ட மாதிரியே ஒண்ணு சிக்கிடுச்சு" என்று படகுத் தரகர் போனில் சொன்னதும் ஹெட்கிளார்க் நாற்காலியில் தொப்பென்று சரிந்தார். சிக்கக் கூடாது என்றுதானே அப்படிக் கேட்டார்!

எல்லாம் வாய்க்கொழுப்பு. ஓய்வு பெற்ற அன்று மைக்கைப் பார்த்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் வாழப்போவதாக அடித்துவிட்டார். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆபீஸே எழுந்து கைதட்டியது. மறுநாள் கடைத்தெருவில்கூட அவர் பெயர் "கேப்டன்" ஆகிவிட்டது. மாட்டேன் என்றால் மானம் போகும், போனால் உயிர் போகும்.

தப்பிக்கத்தான் நிபந்தனை போட்டார். இரண்டடித் தண்ணீரிலும் தரை தட்டாமல் மிதக்கணும் என்றார். அடிப்பாகம் தட்டை, நடுவில் தூக்கி இறக்கும் பலகை என்று தரகர் ஒரு வகையைப் பிடித்தார். உள்ளே நிமிர்ந்து நிற்கணும், இடுப்பு வலிக்கு முழுநீளக் கட்டில் வேணும் என்றார். அதுவும் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஒற்றை ஆளாகப் பாயை ஏற்றி இறக்கணும் என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டார். அதற்குத்தான் இந்த போன்.

மனைவியாவது அழுது தடுப்பாள் என்று பார்த்தார்.

"தாராளமா போயிட்டு வாங்க. உங்க ரூம்ல என் தையல் மெஷினைப் போட்டுக்கறேன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகுத்துறையில் ஆபீஸ் மொத்தமும் திரண்டிருந்தது. பக்கத்தில் வரிசையாகப் பதினோரு படகுகள். ஒவ்வொன்றிலும் ஏழு கடலையும் பார்த்துச் சலித்த மாதிரி, வெயிலில் கறுத்த ஒரு முகம். இவர்கள் முன்னால் மூழ்கப்போகிறோமே என்று நினைத்துக்கொண்டே ஹெட்கிளார்க் தன் படகில் ஏறி உட்கார்ந்தார். தரகர் பாயை ஏற்றிவிட்டுக் கரைக்குத் தாவி, கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஹெட்கிளார்க் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முப்பதடி போயிருக்கும், படகு தொப்பென்று நின்றது. கடல் உள்வாங்கும் நேரம். இரண்டடிகூட இல்லாமல் தண்ணீர் வடிந்து, படகு சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கரையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பசி வந்ததும் கையசைத்துவிட்டுக் கலைந்தார்கள். மனைவியும் கிளம்பிவிட்டாள்.

அப்பாடா என்று அவருக்கு மூச்சு வந்தது. ஆனால் சாயங்காலம் தண்ணீர் மறுபடி ஏறுமே?

பக்கத்துப் படகில் குடியிருக்கும் பழைய நர்ஸம்மா ரப்பர் பூட்ஸோடு சேற்றில் நடந்து வந்து, ஃப்ளாஸ்கை நீட்டினாள். அந்தச் சூடான டீயைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு நீச்சலே தெரியாதும்மா. ஏதோ விழாவுல சும்மா சொல்லிட்டேன். தண்ணி ஏறினதும் நான் என்ன பண்ணுவேன்?"

"கயித்தை என் படகோட நல்லா இறுக்கிக் கட்டிட்டுத் தூங்குங்க சார். நாங்க பதினோரு பேரும் அப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டவங்கதான், ஆறு வருஷமா இங்கிருந்து ஒரு படகும் கடலுக்குப் போனதில்ல."