ஏழாம் நம்பர்க் கல் பெற்ற பெரும்பேறு

உலகச் சிற்பக்கலையின் வரலாற்றை இரண்டே பகுதிகளாகப் பிரித்துவிடலாம்: சிற்பி றொக்சன் அந்தக் கல்லைத் தூக்குவதற்கு முன், தூக்கியதற்குப் பின். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒன்பது புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றில் நான்கை எழுதியவன் நானே என்பதால், அவற்றின் நடுநிலைமைக்கு நானே உத்தரவாதம்.

அந்தச் சிற்பத்தைப் பார்க்கும் பாக்கியம் பெறாதவர்களுக்காக: அது ஒரு கருங்கல். முறத்தளவு அகலம், தட்டை. மேலே தாரினால் '7' என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். றொக்சன் அதில் உளி வைக்கவே இல்லை. பாசியை மட்டும் கழுவினார். இந்தத் தியாகத்தைப் போற்றி நான் எழுதிய 'உளியைத் துறந்த முனிவர்' என்ற கட்டுரை மூன்று கண்காட்சி மலர்களில் ஒரு வரி மாறாமல் வெளிவந்திருக்கிறது.

இது ஏழு என்றால் முதல் ஆறு சிற்பங்கள் எங்கே? இதை ஆராய்வதற்கென்றே ஒரு புத்தகம் உண்டு. இருநூற்றுப் பத்துப் பக்கம். கொழும்புச் சேகரிப்பாளர் ஒருவர் அந்த ஆறையும் தேடியே இளைத்துப் போனார். றொக்சனிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தின் ஆழத்தைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் பத்தாவது புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. கல் வெல்வெட் விரித்த பீடத்தில் வீற்றிருந்தது. விழாக் குழுச் செயலாளர் என்ற முறையில் நான் வரவேற்புரையின் பதினோராம் பக்கத்தை எட்டியிருந்தபோது, பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சண்முகவடிவு என்ற கொழுந்து பறிக்கும் பெண் உர பேக்கோடு உள்ளே வந்தார். நேரே மேசைக்குப் போய், பத்தாவது புத்தகப் பிரதிகளின் மேல் நனைந்து உப்பிய பாடப் புத்தகங்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். மொத்தம் ஒன்பது.

"ஆகா, என்ன ஒரு 'நிறுவல்' கலை!" என்று ஒரு விமர்சகர் படம் பிடித்தார்.

"தொடாதீங்க. காய வச்சிருக்கேன்" என்றார் சண்முகவடிவு. பிறகு றொக்சனிடம் திரும்பினார். "என்னா தம்பி, ரெண்டு நாள்ல கொண்டாந்து தர்றேன்னு சொல்லித்தானே எங்க கூரைக் கல்ல எறக்கிட்டுப் போன? ரெண்டு வருசம் ஆச்சு."

"அக்கா, அது இப்ப..."

"இப்ப என்னா?"

"கலைங்கக்கா."

"நீ எடுத்த எடத்துல டயர் ஒன்னத் தூக்கி வச்சேன். முந்தாநாள் அடிச்ச காத்து டயரோட தகரத்தையும் கொண்டு போயிருச்சு. நான் மலையில கொழுந்தெடுக்குறேன், வீட்டுல மக கிருஷாந்தி புஸ்தகம் பூரா தண்ணி. அடுத்த வாரம் அவளுக்கு ஓ லெவல் சோதனை. தகரத்தத் தேடி எடுத்தாச்சு. கல்லத் தா."

நிலைமையைச் சீர்செய்வது என் கடமை. "அம்மா, தோட்டத்தில் வேறு கல்லா இல்லை?" என்று கனிவோடு கேட்டேன்.

"தகரத்துல உருளாமப் படுக்குற கல்லு லேசுல கெடைக்காதுங்க. எங்கப்பா ஆத்துல தேடி எடுத்தது. ஒங்களுக்கு எந்தக் கல்லா இருந்தா என்னாங்க? சும்மா வச்சுப் பாக்குறதுதானே? வேற ஒன்ன வச்சுக்குங்க."

"இதைப் பற்றி ஒன்பது புத்தகங்கள் இருக்கின்றன, அம்மா!"

"எம்மகளுக்கும் ஒம்போதுதாங்க."

பெருந்தன்மையோடு பத்தாவது புத்தகத்தில் ஒரு பிரதியை இனாமாகக் கொடுத்தேன். கெட்டி அட்டை, மூன்று கிலோ. அவர் கையில் வாங்கி ஏற்றி இறக்கிப் பார்த்தார். "காத்துக்கு இது நிக்காது" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு பாடப் புத்தகங்களை முந்தானையில் கட்டிக்கொண்டார். கல்லை உர பேக்கில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்துக் கூடை சுமக்கிற அதே நடையில் வெளியே போனார். சபை எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். தேநீர் வந்த பிறகுதான் பீடம் காலி என்பது எங்களுக்குப் புரிந்தது.

மறுநாள் றொக்சனும் நானும் பொலிசுக்குப் போனோம். சான்றாக ஒன்பது புத்தகங்களையும் மேசையில் அடுக்கினேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இந்த ஏழு என்றால் என்ன?" என்றார்.

"அது பிரபஞ்சத்தின்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தி, றொக்சனைப் பார்த்தார்.

மகா கலைஞர் அந்த ஏழைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தார். "காம்பரா நம்பருங்க, சேர். காத்துல உருண்டு விழுந்தா யாரு கல்லுன்னு சண்ட வரும். அதனால எங்க லயத்து வீடுகள்ல எல்லாக் கூரைக் கல்லுலயும் தார்ல நம்பர் போடுவோம். அக்கா வீடு ஏழு. நாங்க ஆறு."

"அப்படியானால் ஆறாம் நம்பர்க் கல்?"

றொக்சன் தலையைக் குனிந்துகொண்டார். "அது எங்கம்மா கூரையில இருக்குங்க, சேர். அத எடுத்தா ஒழுகும்."

இருநூற்றுப் பத்துப் பக்கங்கள் கண்டுபிடிக்காத ஆறாவது சிற்பம் இவ்வாறு இரண்டே வரியில் அகப்பட்டது. நான் உடனே குறித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டரும் குறித்துக்கொண்டார்.

"கல் திருட்டுப் போனது உண்மைதான்" என்றார். "இரண்டு வருடத்துக்கு முன்பு. சொந்தக்காரரின் வீட்டு இலக்கம் கல்லிலேயே இருக்கிறது. இனி எடுத்தவர் பெயரும், உடந்தையாக இருந்தவர் பெயரும் வேண்டும்."

நாங்கள் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் புத்தகங்களின் அட்டைகளைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்: றொக்சனின் பெயர் ஒன்பதிலும் இருந்தது, என் பெயர் நான்கில்.