காலைச்செடி, மாலைச்செடி

உலகத்தில் மற்றவர்கள் எதையும் ஒரு தடவைதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே செடியை, ஒரே வளவில், ஒரே நாளில், இரண்டு தடவை கண்டுபிடித்த சிறப்பு எங்கள் கந்தோர் ஒன்றுக்கே உரியது. இதை நான் பெருமையடிக்கச் சொல்லவில்லை. இரண்டு கண்டுபிடிப்புகளையும் செம்மைப் பிரதி எடுத்தவன் என்ற முறையில், கடமைக்காகச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நாலு, மார்கழி. கடையில் கோப்பி இல்லை, பருப்பு இல்லை, பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே கியூ. இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் அதற்குப் பதிலாகச் சுற்றறிக்கைகளைத் தாராளமாக அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படி வந்த ஒன்றில், "உமது பகுதியில் தானாக முளைத்து வீணாகும் பயறு, அவரை இனக் களைகளை அடையாளங்கண்டு, பயன்பாடுகளை விபரிக்குக" என்றிருந்தது. நல்லூரில் ஒரு வாடகை வீட்டில் 'உள்ளூர் மாற்றுவளப் பரிசீலனைக் கந்தோர்' என்று ஓர் அரசாங்க அலுவலகம் 'இயங்கி' வந்தது. அங்கே நான் கிளாக்கர்.

எங்கள் மேலதிகாரி திரு. சோமசேகரம். அவருடைய கையொப்பம் மிக அழகானது. அதைப் போடுவதற்கு இடம் தேடிக்கொண்டே இருப்பார். எந்தக் கடதாசியைக் கொண்டுபோய் நீட்டினாலும், வாசித்து அதன் அழகைக் கெடுக்காமல், ஒப்பமிட்டுத் தருவார்.

சுற்றறிக்கை வந்த அன்று நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். மழைக்கு வளவெல்லாம் தகரை. படிவத்தில் 'பெயர்' என்ற இடத்தில் 'தகரை' என்று எழுதி முடித்து, அரை மணித்தியாலத்தில் நாட்டுக்கு என் சேவையை ஆற்றிவிட்டேன். திரு. சோமசேகரம் அதைச் சிவப்புப் பென்சிலால் வெட்டினார்.

"தகரை எண்டு மருதனார்மடச் சந்தையிலை சொல்லுவினம், ஐசே. அரசாங்கம் சந்தைக்குக் கடிதம் எழுதேல்லை. எங்களுக்கு எழுதியிருக்கு."

ஆகவே விஞ்ஞான முறையில் தொடங்கினோம். எங்களிடம் இரண்டு பரிசீலனை உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். திரு. ஏரம்பு மருதனார்மடத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மத்தியான பஸ்ஸில் போய்விடுவார், தோட்டம் இருந்தது. திரு. தம்பிஐயா பகலில் ரியூசன் வகுப்பு நடத்துவதால், பின்னேரம் வந்து பொழுதுபடும்வரை நாட்டுக்கு உழைப்பார். ஒருவரை ஒருவர் காணாமல் ஆறு வருடம் ஒரே மேசையில் வேலை செய்ததால் அவர்களுக்குள் மிகுந்த ஒற்றுமை நிலவியது.

ஏரம்பர் காலை ஒன்பது மணிக்கு வளவில் இறங்கினார். முழங்கால் உயரச் செடி. ஒவ்வொரு காம்பிலும் மூன்று சோடி இலை, வெயிலுக்கு விரித்த உள்ளங்கை மாதிரி. மஞ்சள் பூ. அரிவாள்போல் வளைந்த மெல்லிய நெற்று. அறிக்கை எழுதினார்: "உயர்ந்த இனம். விதையை வறுத்தால் கோப்பி. இலையை அரைத்தால் படர்தாமரைக்குப் பூச்சு. கொழுந்தைச் சமைத்தால் கறி. உழுதால் மண்ணுக்குப் பசளை. பயனுள்ள செடி, பாதுகாக்கப்படல் வேண்டும்."

அன்று பின்னேரம் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, தம்பிஐயர் இறங்கினார். அதே வளவு. ஆனால் இலைகளெல்லாம் சோடி சோடியாக ஒட்டிக்கொண்டு, கீழே தொங்கிக் கிடந்தன. ஒன்றைக் கசக்கி முகர்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவருடைய அறிக்கை: "நோஞ்சான் இனம். இலை விரியும் ஆற்றல் அற்றது. துர்நாற்றம். பயனற்ற செடி, வேரோடு களையப்படல் வேண்டும்."

திரு. சோமசேகரம் இரண்டிலும் ஒப்பமிட்டார். முதலாவதற்குக் 'காலைச்செடி' என்றும், இரண்டாவதற்கு 'மாலைச்செடி' என்றும் நாமகரணம் செய்தவரும் அவரே. மறுநாள் வாசல் படலையில் இரண்டு பலகை தொங்கின. ஒன்று, காலைச்செடியைத் தொட்டால் சட்ட நடவடிக்கை. மற்றது, மாலைச்செடியைப் பிடுங்குவோருக்குக் கந்தோரின் நன்றி.

இந்த நேரத்தில்தான் மரியநாயகி அக்கா பனையோலைக் கடகத்தோடு உள்ளே வந்தார்.

மரியநாயகி அக்கா குருநகர். மற்ற மாதங்களில் எங்கள் பக்கத்துக்கு மீன் கொண்டுவருபவர். மார்கழியில் வாடைக்காற்று கடலைப் புரட்டும். அவருடைய புருஷன் சிமியோன் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படித் தப்பித்தவறி மீன் பட்டாலும் நல்லூரில் வாங்க ஆள் இல்லை. பிள்ளையார் கதை இருபத்தொரு நாள், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு திருவெம்பாவை பத்து நாள். ஊர் முழுக்க விரதம். ஆகையால் அந்த ஒரு மாதமும் அக்கா எங்கள் வளவில் தகரைக் கொழுந்து ஆய்ந்து, விரத வீடுகளுக்கு விற்பார். இதற்கென்று அவரிடம் தனிக் கடகம் ஒன்று இருந்தது. மீன் வாடையே அறியாத கடகம். வீட்டுக்கார அம்மாமார் முதலில் கடகத்தை முகர்ந்து பார்ப்பார்கள். பிறகுதான் கீரையைப் பார்ப்பார்கள். அந்தக் கடகம் இல்லாவிட்டால் அக்காவிடம் நல்லூரில் ஒரு கொழுந்தும் வாங்கமாட்டார்கள்.

அந்தக் கடகத்தைத்தான் ஏரம்பர் காலை ஒன்பதரைக்குப் பறிமுதல் செய்தார். 'சான்றுப்பொருள் 1' என்று துண்டு கட்டி, என் அலுமாரிக்கு மேல் வைத்தார். விசாரணை முடியும்வரை திருப்பித் தர ஒழுங்கு இல்லை. செடி எதுவென்று இரண்டு உத்தியோகத்தரும் கூடி உறுதிப்படுத்தும்வரை விசாரணைக்கும் ஒழுங்கு இல்லை. அவர்கள் கூடுவதற்கு இரண்டு பேருக்கும் பொதுவான நேரமே இல்லை.

அக்கா அழவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, உந்தக் கடகத்தைத் தந்துவிடு. மீன் கடகத்திலை கொண்டு போனால் படலையே திறக்கமாட்டினம். நத்தார் பெருநாள் வருது. வீட்டிலை உலை வைக்க ஒண்டுமில்லை."

"காலைச்செடியிலை கை வைச்சிட்டியள், அக்கா. அது குற்றம். மாலைச்செடியெண்டால் பரவாயில்லை."

"அது என்ன மாலைச்செடி?"

யன்னலால் வளவைக் காட்டி, பின்னேரம் இலை ஒட்டித் தொங்குமே அது என்றேன். அவர் செடியைப் பார்த்தார். படலையில் இருந்த பலகைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"தகரை பொழுதுபட இலையை மூடிக்கொண்டு படுக்கும், தம்பி. விடிய எழும்பும். உது தெரியாமலே உத்தியோகம் பார்க்கிறியள்?"

உடனே எழுந்து மேலதிகாரியின் அறைக்கு நடந்தேன். கதவில் கை வைத்தபோதுதான் யோசனை வந்தது. செடி ஒன்றுதான் என்று தெரிந்தால் கட்டளையும் ஒன்றுதான். பாதுகாத்தால் முட்கம்பி; களைந்தால் வெறுந்தரை. இரண்டிலும் அக்காவுக்குக் கொழுந்து இல்லை. நாட்டில் இரண்டு செடி இருக்கும்வரைதான் நடுவில் ஒரு கடகம் நுழைய இடம் இருந்தது. கதவிலிருந்து கையை எடுத்தேன்.

அதற்குப் பதிலாக ஒரு கடதாசி தயாரித்தேன். 'மாலைச்செடி ஒழிப்புப் பணிக்குத் தொண்டராக முன்வந்துள்ள குருநகர் மரியநாயகிக்கு, கருவியாகக் கடகம் ஒன்று பின்னேரம் ஐந்து மணிக்கு வழங்கப்படலாம். காலை எட்டரைக்குச் சான்றுப்பொருளாகத் திரும்ப ஒப்படைக்கப்படல் வேண்டும்.' திரு. சோமசேகரம் அழகாக ஒப்பமிட்டார்.

அதன்பின் எங்கள் கந்தோர் கண்ட பொற்காலத்தை என்னவென்று சொல்ல. பின்னேரம் ஐந்து மணிக்கு அக்கா கடகத்தைப் பொறுப்பெடுப்பார். இலை மூடத் தொடங்கியதும் தொண்டு தொடங்கும். நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ளுவார்; தம்பிஐயர் கேட்டால், நுனியிலிருந்துதான் வேருக்குப் போகவேண்டும் என்பார். விடியற்காலையில் விற்றுவிட்டு, எட்டரைக்குக் கடகத்தைக் கழுவிக் கொண்டுவந்து, குற்றவாளியாகக் கையெழுத்து வைப்பார். கிள்ளக் கிள்ளச் செடி பக்கத்தால் வெடித்துத் தழைத்தது. அது தன் பாதுகாப்பின் பலன் என்று ஏரம்பர் முதலாம் முன்னேற்ற அறிக்கை எழுதினார். ஒழிக்க ஒழிக்க வளரும் கொடிய இனம் என்று தம்பிஐயர் மேலதிக உதவியாளர் கேட்டு எழுதினார். மேலதிகாரியின் வீட்டிலும் விரதம். மத்தியானச் சாப்பாட்டுக் கரியரில் நாளாந்தம் ஒரு பச்சை வறை வந்தது. 'இந்த முறை கீரை விசேஷம்' என்று எனக்கும் ஒரு கரண்டி தருவார். அது என்ன கீரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு செடி கண்ட கந்தோரை நேரில் பார்க்கக் கொழும்பிலிருந்து திரு. செபநாயகம் வந்தார். பெரிய உத்தியோகம், சின்ன மூக்குக்கண்ணாடி. ஏரம்பர் வாழ்க்கையில் முதன்முறையாக மத்தியான பஸ்ஸை விட்டார். மூன்று மணிக்குச் சட்டியில் நட்ட காலைச்செடியைக் காட்டினோம். வறுத்த விதையில் கோப்பி ஊற்றிக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்ல முயற்சி" என்று கோப்பையைத் தூர வைத்தார். ஆறு மணிக்கு மாலைச்செடியைக் காட்டவேண்டும். வேறு சட்டி தேடுவதற்கு எனக்குச் சோம்பல். அதே சட்டியை மறுபுறம் திருப்பி வைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். சட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"சோமசேகரம், எனக்கெண்டால் இது ரெண்டும் ஒண்டுபோலை கிடக்கு."

ஏரம்பர் தம்பிஐயரைப் பார்த்தார். செடி ஒன்றென்றால் உத்தியோகத்தர் ஒருவர் போதும் என்பது இருவருக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. ஐந்து மணியிலிருந்து கடகத்துக்குக் காத்திருந்த அக்கா, அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார். திரு. செபநாயகம் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, நீங்கள்தான் உதை நெடுகப் பிடுங்குறனீங்கள் எண்டு சொல்லுகினம். உண்மையைச் சொல்லுங்கோ. இது ஒரு செடியோ, ரெண்டோ?"

அக்கா திருப்பிக் கேட்டார். "ஒண்டெண்டால் என்ன செய்வியள், ஐயா?"

"பயனுள்ளதெண்டால் முள்ளுக்கம்பி அடிச்சு ஒருத்தரையும் விடம். பயனில்லையெண்டால் வேரோடை அழிப்பம்."

"ரெண்டெண்டால்?"

"ரெண்டெண்டால் இப்ப நடக்கிறமாதிரியே நடக்கும்."

அக்கா சட்டியைப் பார்த்தார். தகரை மூன்று சோடி இலையையும் மூடிக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாமல் தூங்கியது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதைக் குடிக்க முடியாது என்று தெரிந்தும் குடித்தேன். கழுத்தில் தொங்கிய சிலுவையைச் சேலைத் தலைப்பால் மெதுவாக மூடிவிட்டு, அக்கா சொன்னார்:

"ரெண்டு, ஐயா. காலமை நிக்கிறது வேறை. பின்னேரம் நிக்கிறது வேறை."

திரு. சோமசேகரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஏரம்பரும் தம்பிஐயரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அக்கா கடகத்தை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வளவில் இறங்கினார். இருட்டுக்குள் அவர் கிள்ளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

திரு. செபநாயகம் சொல்லச் சொல்ல, அறிக்கையின் கடைசி வரியை நான் எழுதினேன்: "இச்செடிகளைப் பற்றி இப்பகுதி மக்களிடையே நிலவிய அறியாமை முற்றாக நீக்கப்பட்டது."

சாதாரண சாதனை இல்லை. அந்தச் செடி எப்போது படுக்கும், எப்போது எழும்பும், எந்த நுனியைக் கிள்ளினால் எத்தனை நாளில் தழைக்கும் என்று அறிந்த ஒரு மனுசியை, தனக்கு ஒன்றும் தெரியாது என்று தன் வாயாலேயே சொல்ல வைத்தோம். அதற்குச் சம்பளம் வாங்கியவர்கள் எங்கள் கந்தோரில் நான்கு பேர். மூன்று பேர் உண்மை தெரியாமல் செய்தார்கள். நான் தெரிந்துகொண்டு, ஓர் எழுத்துப்பிழையும் இல்லாமல் செய்தேன்.