போச்சு சார் நாய்க்குச் சட்டை எடுத்த கதை

தாம்பரத்தில் தொடங்கிச் செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் சலித்து எடுத்தாலும், போச்சு சார் அளவுக்கு நம்பிக்கையே இல்லாத ஒரு மனிதரை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பால் பாக்கெட் வந்தால் திரிந்திருக்கும் என்பார். கரண்ட் வந்தால் ஃபேன் எரிந்துவிடும் என்பார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது தெருவே வாழ்த்தியது. அவர் மட்டும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "போச்சு சார்" என்றார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சர்வீஸ் முழுக்க ரயில்வே ஸ்டேஷனில் விசாரணை கவுண்ட்டரில் உட்கார்ந்து, வண்டி லேட், வண்டி ரத்து, பிளாட்பாரம் மாறிவிட்டது என்று சொல்லியே ரிடையர் ஆனவர். வாய் அப்படியே பழகிவிட்டது.

முடிச்சூரில் அவர் வீட்டில்தான் குடியிருக்கிறோம். அப்போது கீழ் போர்ஷனில் அவர், மாடியில் நானும் என் மனைவி சுதாவும். ஐப்பசி பிறந்தால் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வரும், தெருத் தண்ணீர் அவருடைய ஹாலுக்கு வரும், அவர் எங்கள் ஹாலுக்கு வருவார். அப்படி ஒரு மழையில் அவர் பின்னாலேயே படியேறி வந்து சேர்ந்ததுதான் மணி. செம்மண் நிறம், ஒரு காது மடங்கி, வால் முறுக்கு மாதிரி சுருண்ட சுத்தமான தெரு நாய். "இது எங்க சார் பொழைக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே தன் போர்வையை எடுத்து அதற்குப் போர்த்தினார். மனைவி இறந்த பிறகு யாரிடமும் ஒட்டாமல் இருந்த மனிதர், அன்றிலிருந்து அந்த நாயிடம் மட்டும்தான் முழு வாக்கியமாகப் பேசினார்.

பிரச்சினை அவர் மகளிடமிருந்து வந்தது. மேடவாக்கத்தில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். "இன்னொரு மழைக்கு உங்களை அங்க விட மாட்டேன்ப்பா, இங்க வந்துடுங்க" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மணியையும் கூட்டி வரலாம். ஆனால் அந்தக் குடியிருப்பில் தெரு நாய்க்கு இடமில்லை. நல்ல ஜாதி நாயாக இருந்தால் அசோசியேஷன் கமிட்டி நேரில் பார்த்து முடிவு செய்யும். பெண் பார்க்கிற மாதிரி நாய் பார்ப்பார்களாம்.

"மணியைப் பார்த்த உடனே துரத்திடுவாங்க சார்" என்றார் போச்சு சார். "எனக்கு ஒண்ணுதான் தோணுது. உடம்பு தெரியாத மாதிரி டிரஸ் பண்ணிக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"அது பொய் இல்லையா சார்?"

"நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். பொய் சொல்ல மாட்டேன். சட்டை போட்டா அது பொய்யா?"

என்னிடம் கார் இருந்தது, அதுதான் நான் செய்த பாவம். அன்று முதல் என் லீவு நாளெல்லாம் மணியின் உடைக்கே போயிற்று.

முதலில் கேம்ப் ரோட்டில் ஒரு கடை. நாய்க்கென்றே துணி விற்கிற ஏ.சி. கடை. "என்ன ப்ரீட் சார்? ப்ரீட் வாரியாத்தான் சைஸ் வெச்சிருக்கோம்" என்று கேட்டாள் கடைப் பெண். போச்சு சார் என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன். மணி கடை வாசலில் காலைத் தூக்கியது. கடைசியில் மணியின் சைஸுக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு உடை, போன டிசம்பரில் விற்காமல் நின்றுபோன கிறிஸ்மஸ் தாத்தா சட்டை. சித்திரை மாதம். "சர்ச்ல யாராவது பார்த்தா என் மானம் போச்சு" என்று வெளியே வந்துவிட்டார்.

அடுத்து பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். பழைய துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் மணியை மேலும் கீழும் பார்த்தார். "நாய்க்கா? இன்னா சார் பேஜாரு. கொயந்த ஸ்வெட்டர் போடு, சும்மா சூப்பரா இருக்கும்." இளநீல ஸ்வெட்டர் ஒன்று கழுத்துவரை நுழைந்தது. அதற்கு மேல் நுழையவில்லை, கழற்றவும் வரவில்லை. ஸ்வெட்டரை மாலையாகப் போட்டுக்கொண்டு மணி சந்தை முழுக்க ஓடியது. பின்னால் போச்சு சார், அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் காசு வாங்காத கடைக்காரர். பிடித்தபோது மணி கோழி விற்கிற இடத்தில் இருந்தது. அதற்குமேல் விவரிக்க மனம் வரவில்லை.

கடைசியில் தெருமுனை டெய்லரிடம் சொல்லி ஒரு கோட் தைத்தார். கரும்பச்சை, உள்ளே லைனிங், வாலை நீட்டிக் கட்ட ஒரு உறை, காதை மறைக்கத் தொப்பி. காலுக்கு நாலு ஷூ, கழுத்துக்கு ஒரு போ டை. ஒத்திகை தினமும் நடந்தது. ஷூ போட்டதும் மணி ஈர சிமென்ட்டில் மாட்டிக்கொண்டதுபோல ஒவ்வொரு காலாக உதறும். கோட்டைப் போட்டால் பத்து நிமிஷத்துக்குள் கடித்துக் கிழிக்கும். டெய்லர் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வெறுத்துப்போய், "சார், இதுக்குப் பதிலா கமிட்டிக்காரங்க கண்ணைக் கட்டிடலாமே" என்றார். போச்சு சார் சிரிக்கவில்லை. "மணி இல்லாம நான் அங்க போய் என்னங்க பண்றது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் கடைசிவரை காரோட்டினேன்.

நாய் பார்க்கும் நாள் வந்தது. அக்னி நட்சத்திரம். கிளப் ஹவுஸில் செக்ரட்டரியும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். போச்சு சாரின் மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கரண்ட் இல்லை. எனக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மணி கோட், தொப்பி, ஷூ, போ டை சகிதம் நடந்து வந்து நடுவில் உட்கார்ந்தது. உதறவில்லை, கடிக்கவில்லை. நாக்கு மட்டும் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. பார்வையைப் போச்சு சாரிடமிருந்து எடுக்கவே இல்லை.

"சோ க்யூட்" என்றார் உறுப்பினர்களில் ஒரு அம்மாள். "என்ன ப்ரீட் சார்?" என்றார் செக்ரட்டரி. போச்சு சார் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாளே, "ஏதோ ஃபாரின் மிக்ஸ் மாதிரி தெரியுது. இவ்ளோ டிசிப்ளின் நம்ம ஊர் நாய்க்கு எங்க வரும்" என்று முடித்துவிட்டார். செக்ரட்டரி தலையாட்டினார். "ஓகே சார், எங்களுக்கு அப்ஜெக்‌ஷன் இல்ல. வெளியில கூட்டிட்டு வரும்போது இதே மாதிரி நீட்டா டிரஸ் பண்ணிக் கூட்டிட்டு வாங்க."

மகள் முகம் மலர்ந்தது. போச்சு சார் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வண்டி சரியான நேரத்துக்கு வந்து நின்றிருந்தது.

"எப்பவுமா சார்?" என்றார் போச்சு சார்.

"ஆமா சார். ரொம்ப நல்லாருக்கு."

போச்சு சார் மணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக முட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கழற்றினார். அடுத்ததை. தொப்பியை எடுத்தார், மடங்கின காது வெளியே வந்தது. "அப்பா, என்னப்பா பண்றீங்க" என்றாள் மகள்.

"வீட்ல போட்ட உடனே கிழிச்சிடும்மா. இன்னைக்கு எனக்காகப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார். கோட்டைக் கழற்றினார். வால் உறையிலிருந்து விடுபட்டுச் சட்டென்று சுருண்டுகொண்டது. செக்ரட்டரி எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன ப்ரீட்னு கேட்டீங்க இல்ல சார்," என்றார் போச்சு சார். "முடிச்சூர். மெயின் ரோடு."

திரும்பி வருகிற வழியெல்லாம் மணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கியது. போச்சு சார் மடியில் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மழை வந்தா நான் எப்படியோ சமாளிச்சுப்பேன் சார். மணிதான் தண்ணின்னா நடுங்கும்" என்றார்.

"நீங்க மாடிக்கு வந்துடுங்களேன் சார். உங்க வீடுதானே."

"அப்ப நீங்க? வாடகைக்கு வந்தவங்களைத் தண்ணில வெச்சிட்டு நான் மேல தூங்குறதா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது. வீட்டுக்கு வந்து சுதாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் உடனே போய்ப் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்க ஆரம்பித்தாள்.

இப்போது கீழ் போர்ஷனில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஃப்ரிட்ஜ் ஹாலோ பிளாக் கல்லின் மேல் நிற்கிறது. தண்ணீர் வந்தால் எங்கே போவாய் என்று ஆபீசில் கேட்கிறார்கள். வேறெங்கே, மாடிக்குத்தான். அங்கே எங்களுக்கு மனுஷங்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.