நோய் தொடாத மனிதர்

ஏதென்சுக்காரர்களின் மூளைக்கு உலகில் நிகர் இல்லை என்பார்கள். அந்த மூளைகள் பிரேயுஸ் துறைமுகத்தில் கொளுத்தும் வெயிலில் வரிசைகட்டி நின்றன. ஆளுக்கு ஒரு ஊதாக் கயிறு வாங்க.

ஸ்பார்ட்டாக்காரன் மதிலுக்கு வெளியே எங்கள் வயல்களைக் கொளுத்தினான். உள்ளே அடைந்துகிடந்த எங்களைக் கொள்ளைநோய் பார்த்துக்கொண்டது. இப்படியொரு படை அவனுக்குச் சம்பளமில்லாமல் கிடைத்தது.

கட்டினால் நோய் அண்டாது என்று கயிறு விற்றவர் பானியாஸ். அப்பல்லோன் தெய்வமே நேரில் வந்து பேசுகிற ஆளாம். பத்து நாளாக நோயாளிகளைக் கட்டிப்பிடித்தார். அவர்கள் குடித்த கோப்பையிலேயே குடித்தார். ஒரு தும்மல்கூட இல்லை. ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று அவரைக் கூட்டிவந்தவன் ஒரு கப்பல் தலைவன். அவனுடைய போர்க்கப்பலில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். அதில் ஏற எந்தத் துடுப்புக்காரனும் தயாராக இல்லை. கயிறு கட்டிவிட்டால் ஏறிவிடுவார்கள் என்பது கணக்கு.

சுமைதூக்கி டெமியாஸ் கையை நீட்டினான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் பட்டினி.

"கட்டாதடா. ஏறினா செத்துருவ" என்றான் மானெஸ். பிணம் தூக்குகிறவன். முதல் மாதமே நோயில் விழுந்து, எழுந்தபோது இரண்டு கைவிரல் இல்லாமல் எழுந்தவன்.

"ஏண்ணே? சாமிக்கு ஒண்ணும் ஆகலையே!"

"எனக்குந்தான் ஆகல. தினம் நாப்பது பொணம் தூக்குறேன். என் கையில கயிறா கட்டியிருக்கு?"

டெமியாஸ் வாங்கிய கயிற்றைக் கட்டாமல் கையில் பிடித்துக்கொண்டான்.

"பொணம் தூக்குற நாங்க பூரா ஒருதடவ படுத்து எந்திரிச்சவங்கடா. வந்துட்டுப் போனவன்கிட்ட அது திரும்ப வர்றதில்ல. போகும்போது விரலையோ கண்ணையோ புடுங்கிட்டுப் போயிடும்." மானெஸ் பானியாஸ் பக்கம் திரும்பினான். "சாமி, இந்த வெயில்ல முழங்கால் வரைக்கும் எதுக்குத் தோல் செருப்பு? கொஞ்சம் கழட்டுங்க."

"கழட்டக் கூடாதுன்னு அப்பல்லோன் உத்தரவு!"

"அவரே கோயில்ல வெறுங்காலோடதான நிக்கிறாரு?"

கூட்டம் சிரித்துவிட்டது. பானியாஸ் நழுவப் பார்த்தார். ஒரு மீன்காரி அவர் தோளை அமுக்கினாள். இருவர் காலைப் பிடித்து இழுத்தார்கள். செருப்போடு உள்ளே திணித்திருந்த கம்பளியும் உருண்டு விழுந்தது. வலது காலில் மிச்சம் ஒரே விரல். இடது காலில் அதுவும் இல்லை.

"அடப்பாவி! உனக்கு எப்பவோ வந்துட்டுப் போயிருக்கு!" என்றது கூட்டம்.

"தெய்வம் காணிக்கையா எடுத்துக்கிச்சு..." என்று முனகினார் பானியாஸ்.

"ஒம்பது விரலையுமா? என்னா பசி அதுக்கு!" என்றாள் மீன்காரி.

டெமியாஸ் கயிற்றைக் கடலில் எறிந்தான்.

"அப்ப என் கப்பல்?" என்று அலறினான் தலைவன்.

"நோய் வந்து போனவனாப் பாத்து ஏத்துங்க. முதல் ஆள் தயாரா நிக்கிறாரு. துடுப்பு போடக் கை போதும்" என்று பானியாஸைக் காட்டினான் மானெஸ்.

பானியாஸ் அப்பல்லோனைக் கூவிக் கூவி அழைத்தார். அவர் வரவில்லை. துடுப்புதான் வந்தது.

மறுநாள் காலை மானெஸ் வீட்டு வாசலில் பெருங்கூட்டம். முன்னால் டெமியாஸ், இரண்டு பிள்ளைகளோடு.

"அண்ணே, நோய் தொடாத கை உங்களோடது. இதுங்க தலையில ஒருதடவ வைங்கண்ணே."

மானெஸ் தலையில் அடித்துக்கொண்டான். "முதல்ல புள்ளைங்கள இந்தக் கூட்டத்தவிட்டு வெளிய கூட்டிட்டுப் போடா! கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அது ஆட்டுறதுக்கு மட்டுமில்ல. யோசிக்கவும் உதவும். ஒருநாளாவது செஞ்சு பாரு."